ஆடு மேயப் போன நேரத்தில் எழுதிய அறிக்கை

"நம் ஓட்டுநர் ஏழுமலை காலமானார்" என்று நம் அலுவலகப் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். அந்தக் காலத்தில் நமக்கு இயக்குநராக இருந்தவர் மட்டும், 'சிறு விவசாயிகளின் உற்ற தோழர்' என்று நீட்டி எழுதியிருந்தார். அந்த மனுஷர் ஏழுமலையை ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டிரைவர்', அவ்வளவுதான்.

அடையாறு ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்த்த நம் எல்லோரையும் ஏழுமலை ஜீப்பில் ஏற்றிப் போயிருக்கிறார். நொச்சிக்குப்பத்துக்காரர். மனைவி கஸ்தூரி சாலையோரத்தில் மீன் விற்பவர். ஏழுமலையின் சிரிப்பும் வெற்றிலை வாயும் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

மதுராந்தகம் பக்கம் மானாவாரி ஊர் ஒன்றில் சிறு விவசாயிகளின் வருமானத்தைக் கணக்கெடுக்கப் போனோம். பகல் பதினொரு மணி. ஆம்பிளைகளிடம் தொழில் என்னவென்று கேட்டேன். எல்லோரும் கடலைப் பயிர் என்றார்கள். ஆடு பெண்டுகள் பாடு, அதை யார் தொழில் என்று சொல்வார்கள்? ஆட்டுக் கொட்டாய்களை எட்டிப் பார்த்தேன், காலி. 'கால்நடை: இல்லை' என்று வீட்டுக்கு வீடு எழுதிக்கொண்டே போனேன்.

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், கொட்டாய் காலியா கீதுன்னு ஆடே இல்லன்னு எழுதிக்கினு கீற? பொம்பளைங்க மேய்க்க ஓட்டிக்கினு போயிருக்காங்க. அஞ்சு மணி வரிக்கும் நில்லு, எல்லாம் வரும். எங்கூட்டுக்குப் பகல்ல வந்தீன்னா மீனே இருக்காது, அதுக்காண்டி நாங்க மீன்காரங்க இல்லியா?" என்றார். நான் நிற்கவில்லை. தி.நகரில் மகளுக்குப் புடவை எடுக்க வேண்டியிருந்தது. படித்த மடையன் நான், ஜீப்பைத் திருப்பச் சொன்னேன்.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனம் கொடுக்க அரசாங்கத்தில் ஊர்களைத் தேர்ந்தெடுத்தபோது எங்கள் அறிக்கையைத்தான் புரட்டினார்கள். கால்நடை இல்லாத ஊருக்குத் தீவனம் எதற்கு என்று அந்த ஊரை விட்டுவிட்டார்கள். பட்டினி போட மனசில்லாமல் பெண்கள் ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மறுபடி அந்த ஊருக்குக் கணக்கெடுக்கப் போனபோது பச்சையம்மாள் என்பவர் என் கையிலிருந்த படிவத்தைக் காட்டிச் சொன்னார்: "அன்னிக்கு இல்லன்னு எழுதிக்கினு போனீங்க. இப்ப நெசமாவே இல்ல, எழுதிக்கோங்க. ஆட்ட வித்துதான் கடலை வெதை வாங்குவேன், புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னாலும் அதான். எருவுக்கும் அதான். இனி நெலத்த வச்சிக்கினு இன்னா பண்றது?" வெட்கங்கெட்ட என் கை அப்போதும் 'இல்லை' என்று எழுதியது.

திரும்பும் வழியில் ஏழுமலை கேட்டது ஒன்றுதான். "தப்பாயிட்ச்சின்னு ஒரு வரி எழுதிக் குடு சார்." இயக்குநரிடம் போனேன். அச்சாகி வந்த அறிக்கையைக் கிளறாதே, உன் பதவி உயர்வு நேரம் என்றார். அவர் சொன்னதற்காக விட்டேன் என்றால் அது இன்னொரு பொய். பதவி உயர்வுக்காக விட்டேன். கிடைத்தது. ஏழுமலை பார்க்கும்போதெல்லாம் "எழுதினியா சார்?" என்பார். ஓய்வு பெறும் வரை கேட்டார்.

சாவுச் செய்தியைப் பார்த்ததும் பூமாலையோடு நொச்சிக்குப்பம் போனேன். கஸ்தூரி என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்களிடம், "இவருதான் அந்த ஆட்டு சாரு" என்றார். குரலில் கோபமே இல்லை. கூட்டத்தில் எல்லோரும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். குப்பம் முழுக்க எனக்கு அதுதான் பெயராம்.

ஏழுமலையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெயரும், அவர் கேட்ட ஒரு வரியும். பெயரை வைத்துக்கொள்கிறேன். வரியை இங்கே எழுதிவிடுகிறேன்: அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஆடு இருந்தது, அஞ்சு மணி வரை நின்று பார்க்காமல் 'இல்லை' என்று எழுதியவன் நான்.