கலந்துபோன கோதுகள்

எங்கள் அஜின்கோர்ட் வீட்டின் சாப்பாட்டு மேசையில், தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில், ஓர் ஐஸ்கிறீம் வாளி நிறைய வெற்றுத் துப்பாக்கி ரவைக்கோதுகள் இருந்தன. ஐப்பசியின் முதற் சனிக்கிழமை, காலை ஒன்பது ஐந்து. நேரம் குறித்துவைப்பது என் பழக்கம். மகள் அபிராமி அவற்றை மேசையில் கொட்டினாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கரண்டிகள் கொட்டுண்ட சத்தம். நானோ எழுந்துபோய் யன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, சாப்பிடுற இடத்தில உந்தச் சனியனை வைக்காதை எண்டு மகளிட்டச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

"அம்மா, உங்கட பழப்புளி டப்பாவை விட உது கிளீன்."

அபிராமி எலக்ட்ரீசியன். வேலைத்தலத்து நண்பர்களோடு ஆண்டுதோறும் வடக்கே மான்வேட்டைக்குப் போகிறாள்; உரிமம் எல்லாம் உண்டு. ஒருமுறை சுட்ட பித்தளைக் கோதிலேயே மருந்தும் குண்டும் புதிதாக நிரப்பித் தன் ரவையைத் தானே செய்துகொள்வாள். நான் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களின் அளவு சரிபார்த்தே ஓய்வுபெற்றவன். ஆகவே கோதுகளைத் தரம் பிரிக்கும் வேலையை என்னிடம் தந்தாள்.

வேலை கடினமானதல்ல. கோதின் அடியில் பொறித்த எழுத்தைப் பார்த்து, ஒரே கம்பனியில் செய்ததை ஒன்றாகச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு கம்பனிக் கோதின் சுவரும் ஒவ்வொரு தடிப்பு. ஒருதரம் சுட்டவை ஒரு பெட்டி, அவள் வேறாகக் கட்டித் தந்த, பலதரம் சுட்டவை இன்னொரு பெட்டி. வாயில் வெடிப்பு உள்ளதும், அடிக்குச் சற்று மேலே மினுங்கும் வளையம் விழுந்ததும் கழிவு. அந்த வளையம், உள்ளே சுவர் மெலிந்துவிட்டதன் அடையாளம். "அதில சுட்டா கோது பிளக்கும். காஸ் பின்னால வரும், அப்பா. நேரா முகத்துக்கு." கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கோப்பி வாங்கப் போனாள்.

யாழ்ப்பாணத்திலும் இந்த எழுத்துகளை வாசித்தவர்கள் இருந்தார்கள். சண்டை முடிந்த காலைகளில் எங்கள் ஒழுங்கையில் கோதுகள் கிடக்கும்; விடியுமுன் நானும் அப்பாவும் வளவு முழுக்கத் தேடிப் பொறுக்கி மலக்குழியில் போடுவோம். பக்கத்து வீட்டுத் தையற்காரரின் சிறுமி ஒன்றை எடுத்துத் தன் பென்சிலுக்கு மூடியாக்கியிருந்தாள். சுற்றிவளைப்பில் வந்த சிப்பாய் அதைக் கழற்றி, அடியைத் திருப்பி வாசித்தான். எந்தத் துவக்கு, யாருடையது? தையற்காரரைக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். அதன்பின் அவர் வாசலுக்கு முதுகு காட்டித் தைத்ததை நான் பார்க்கவில்லை. எந்தக் கம்பனி என்று மட்டும் கேட்கிற நாட்டுக்கு நான் வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பத்து நாற்பதுக்குக் கோதுகளோடு கராஜில் இருந்தேன். மூன்று பெட்டிகளும் நிறைந்திருந்தன. திறந்த கதவினூடே சீருடைக்காரர் ஒருவர் எங்கள் பாதையில் ஏறி வருவதைக் கண்டேன். அதற்குப் பிறகு நடந்ததை என் கைகள்தான் செய்தன. நல்லதும் கழிவும் ஒரே பையில் விழுந்தன. பை உள்ளே போய் அரிசி வாளியின் அடியில் புதைந்தது. திரும்பி வந்து நின்றேன்.

"குட் மோர்னிங், சேர்…"

"உள்ளே ஒன்றுமில்லை, சேர்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் சற்று விழித்தார். "நான் மரத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன்." எங்கள் மேப்பிள் கிளை நடைபாதையில் தாழ்ந்திருந்ததாம். மாநகரசபை ஆள்.

கழிவில் பதினான்கு கோதுகள் இருந்தன, எண்ணி எழுதியிருந்தேன். அவர் போனபின் திரும்பப் பிரித்தேன். பன்னிரண்டுதான் அகப்பட்டன; மற்ற இரண்டும் நல்லவற்றுக்குள் எங்கேயோ இருந்தன. எது எத்தனைதரம் சுட்டது என்பதோ இனித் தெரியவே தெரியாது. ஆனாலும் பெட்டிகளை ஒழுங்காக அடுக்கி வைத்தேன். பயந்தேன் என்று மகளிடம் சொல்ல வெட்கம். நாலு நாளும் சோற்றைப் பிசைந்தபடி அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் பின்னேரம் நிலக்கீழ் அறையில் ரவை நிரப்பும் கருவியின் பிடி இறங்கும் சத்தம் கேட்டது. படிகளில் ஏறக்குறைய விழுந்தே இறங்கினேன்.

"பிள்ளை, நிப்பாட்டு. உது கலந்துபோச்சு. நான்தான் கலந்தனான்."

"என்னப்பா சொல்லுறியள்? ஏன்?"

"சனிக்கிழமை யூனிபோமோட ஒருத்தர் வந்தவர். எல்லாத்தையும் அள்ளி அரிசி வாளிக்குள்ள ஒளிச்சனான்."

"அந்த மரத்து ஆளோ?" சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "நாலு நாள், அப்பா. நான் உதைச் சுட்டிருந்தா?"

அவள் ஒரு குறடு எடுத்து முதற் கோதின் வாயை நெரித்தாள். இன்னொரு குறடு என்னிடம் நீட்டினாள். "கலந்தது கலந்ததுதான். எல்லாம் ஸ்க்ராப். நெரியுங்கோ, வேற ஆரும் எடுத்துப் பாவிக்கக் கூடாது."

படியில் நின்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லகாலம். நான் அந்த அரிசியையும் எறியப்போறன்."

"அரிசி என்ன செய்தது, அம்மா?"

அபிராமி புதுக் கோதுகளை ஒரே கம்பனியில் வாங்கினாள். ஒவ்வொன்றையும் மூன்றுமுறை அளந்தேன். அப்படியும் நித்திரை வரவில்லை. சோதித்துச் சுட அவள் நகருக்கு வெளியே இருக்கும் சுடுகளத்துக்குப் புறப்பட்டபோது நானும் காரில் ஏறினேன்.

காதை மூடும் கவசம் தந்தார்கள். அவள் மேசையில் சாய்ந்து குறிபார்த்தாள். வெடித்தது. அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, கன்னத்தில் ஒட்டிய குளிர்ந்த சீமெந்து. மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "அப்பா! ஆர் யூ ஓகே?" என்று திரும்பினாள். முகம் முழுசாக இருந்தது. றைபிளைத் திறந்தபோது கோது துள்ளி விழுந்து என் பக்கமாக உருண்டது. களத்துப் பொறுப்பாளரான வெள்ளைக்காரக் கிழவர் குனிந்து, சுட்டு முடிந்தபின் எல்லாரும் கோது பொறுக்கலாம், இப்படி அவசரப்படக் கூடாது என்று தன்மையாகச் சொன்னார்.

என் இடது கை இன்னும் பிடரியை மூடியிருந்தது. வலது கை அந்தச் சூடான கோதை வெளிச்சத்துக்கு உயர்த்தி, அடிக்குச் சற்று மேலே நகத்தால் சுற்றித் தடவியது. வளையம் இல்லை. "நல்ல கோது, பிள்ளை" என்றேன், நிலத்தில் குப்புறக் கிடந்தபடியே.