சுழி இல்லாமல் வந்த கடிதம்

நேற்றுத் தம்பி ரொறன்ரோவிலிருந்து புது ஃபோனில் செய்தி அனுப்பினான். அதற்கு மேலே ஒரு குறிப்பு: இந்த உரையாடலை உங்கள் இருவரையும் தவிர வேறெவராலும் வாசிக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கடிதங்களை வாசிக்காத ஆள் யார் என்று கேளுங்கள்.

எண்பதுகளில், சீமைக்கு வந்த புதிதில், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரே அறையில் நான்கு பேர் இருந்தோம். எனக்குப் பகலில் பெற்றோல் நிலையத்தில் வேலை, மாலையில் கணினி வகுப்பு. அம்மாவின் நீல ஏரோகிராம், அந்த மடித்து ஒட்டும் விமானக் கடிதம், வந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பேன். அதில் இரண்டு பசை மணக்கும். ஒன்று யாழ்ப்பாணத்தில் அம்மா ஒட்டியது, மற்றது வழியில் பிரித்துப் பார்த்த ஆமிக்காரன் ஒட்டியது. அதனால் எங்களுக்குள் ஒரு ரகசியப் பேச்சு இருந்தது. 'மழை' என்றால் ஷெல் அடி. ஆடி வெயிலில் 'நேற்றுப் பெரிய மழை' என்று அம்மா எழுதுவார். இதை உடைக்க ஒரு மேதையும் வேண்டியதில்லை.

மேதை என்றதும் வகுப்பு ஞாபகம் வருகிறது. பாடம் எடுத்த வெள்ளைக்கார அம்மையார் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இளம்பெண்ணாக, ஜெர்மன்காரரின் ரகசியச் செய்திகளை உடைத்த இடத்தில் வேலை செய்தவர். முடிவில்லாத ஒரு காகித நாடா, அதைக் கட்டம் கட்டமாக வாசித்து எழுதும் ஒரு கற்பனை இயந்திரம், கணினிக்கு விதையே அதுதான் என்று பலகையில் கீறிக் காட்டுவார். அந்தக் கற்பனையைச் செய்த இளைஞரே பிறகு சங்கேதம் உடைக்கப் போனாராம். எதிரிகள் காலைதோறும் வானிலை அறிக்கையை ஒரே சொற்களில் தொடங்கி அனுப்பினார்கள், அந்தப் பழக்கமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் கடிதங்களும் அப்படித்தானே! மேலே பிள்ளையார் சுழி, பிறகு 'இங்கு யாவரும் நலம், உன் நலமறிய ஆவல்.' அன்றே எழுதினேன்: இனி அந்தத் தொடக்கத்தை விட்டுவிடுங்கள், அதை வைத்துத்தான் ரகசியத்தைப் பிடிப்பார்கள். இந்தக் கடிதத்தையும் ஆமிக்காரன் பிரிப்பான் என்பது இந்த விஞ்ஞானிக்குத் தோன்றவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. சுழி இல்லை. நலம் இல்லை. சாவுச் செய்திக்குத்தான் எங்கள் ஆட்கள் சுழி போடாமல் எழுதுவார்கள். தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது, ஆமி தேடித் தேடிப் பிடிக்கிற வயது. மேற்கொண்டு வாசிக்க முடியாமல் கடிதத்தை மடித்துவிட்டேன். அறையில் மூத்தவரான குலம் அண்ணை கடிதத்தைப் பறித்தார்.

"இஞ்ச தா, நான் வாசிக்கிறன்."

கடைசி வரி வரை வாசித்தார். பிறகு கடிதத்தை என் மடியில் எறிந்தார்.

"நீ சொன்னபடி மேல ஒண்டும் எழுதேல்லையாம். தம்பி பக்கத்தில இருந்து கொழுக்கட்டை சாப்பிடுறானாம். உன்ரை படிப்பில நெருப்பை வைக்க!"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ரகசியமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், பழையபடி யாவரும் நலம் என்றே எழுதுங்கள் அம்மா, அது இல்லாவிட்டால் என்னால் இங்கே இருக்க முடியாது என்று உடனே பதில் போட்டேன்.

அதன்பிறகு நலம் இல்லாமல் ஒரு கடிதமும் வரவில்லை. அடுத்த ஆண்டு நிம்மதியாகப் பரீட்சை எழுதித் தேறினேன்.

தொண்ணூறுகளில் தம்பி கனடாவுக்குப் போகும் வழியில் வால்தம்ஸ்டோவில் என் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். அவன் சட்டை மாற்றும்போது முதுகுத் தழும்புகளைப் பார்த்துவிட்டேன். கேட்ட பிறகுதான் சொன்னான்: நான் பரீட்சை எழுதிய அந்த ஆண்டில்தான் ஆமி அவனை நாலு மாதம் பிடித்து வைத்திருந்திருக்கிறது.

"அம்மா எழுதேல்லையேடா!"

"நீங்கள்தானே அண்ணை நலம் எண்டு எழுதச் சொன்னனீங்கள். அழுதழுதுதான் எழுதினவ எண்டு அப்பா சொன்னவர்."

அம்மா இப்போது இல்லை. ஏரோகிராமும் இல்லை, அந்த இரண்டு பசை மணமும் இல்லை. ஊரே வாசித்த கடிதங்களை வாசிக்கத் தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

நேற்றுத் தம்பியிடம் சுகமோ என்று கேட்டேன். "ஓம், சுகம்" என்று பதில் போட்டான்.

"கமராவைப் போடு," என்றேன். "முகத்தைப் பாப்பம்."