குழாய் போன இடம்

அவளை எல்லோரும் ஆவிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பேய் பிசாசு சமாசாரம் ஒன்றும் இல்லை. இயந்திரத்தில் வெட்டி எடுத்த பிளாஸ்டிக் துண்டுகள் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்கிப்போய் வரும். அவற்றைக் கழுவி, அடுப்பில் மெல்லச் சூடேற்றி ஆறவைத்து, தொட்டியில் கொதிக்கும் ரசாயனத்தின் ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிடுவது அவள் வேலை. மேல்தோல் மட்டும் இளகி, சமமாகி, மறுபடி இறுகும்போது துண்டு பளிங்காகிவிடும். விரல் நுழையாத துளைகளின் உட்பக்கம்கூடத் தெளிந்துவிடும். கொஞ்சம் அதிகமானால் வழிந்து பாழ். குறைந்தால் மங்கல் அப்படியே நிற்கும். "பட்டப்பகல்லயே ஆவி ஓட்டுறீங்களே" என்று சரக்கு எடுக்க வரும் ஓட்டுநர் கேலி செய்வார். "உங்களுக்கும் ஓட்டிவிடவா?" என்பாள்.

பட்டறை அவளுடைய அக்காவுடையது. கணவன் போன பிறகு அதை ஒற்றை ஆளாய்த் தூக்கி நிறுத்தியவள் அக்கா. கட்டியவனோடு ஒத்துவராமல் தங்கை ஒரு பையோடு வாசலில் வந்து நின்றபோது, ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாமல் இருந்தாள் தங்கை.

பழைய இடத்தைக் காலி செய்துவிட்டு, மேலே குடித்தனங்கள் உள்ள ஒரு கட்டடத்தின் தரைத்தளத்துக்குப் பட்டறை மாறியது. ஆவி அறைக்குப் பின்பக்க மூலையை ஒதுக்கினார்கள். தொட்டியின் விளிம்பிலிருந்து ஆவியை உறிஞ்சும் விசிறி முன்பு போலவே இரைந்தது. அதன் குழாய் மரத்தடுப்பைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. அங்கே இருந்தது அக்கா பூட்டியே வைத்திருக்கும் சாமான் அறை. அதற்கு வழி முன்பக்கமாக, சாவி அக்காவின் இடுப்பில். குழாய் அங்கிருந்து தெருப்பக்கம் போகிறது என்று அக்கா சொன்னாள். சொன்னது அக்கா. அப்புறம் என்ன சந்தேகம்?

நாளாக ஆக அவளுக்குத் தலை கனத்தது. சாயங்காலமானால் படியில் கால் தடுக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவிப் போகும். "கண்ணுதான் கெட்டுப்போச்சு உனக்கு. உத்துப் பாக்கிற வேலையாச்சே" என்று அக்காவே கையைப் பிடித்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனாள். அவள் முகத்துக்குப் பொருந்துகிற சட்டத்தை அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள். அன்று முழுக்கத் தங்கைக்கு மனசு குளிர்ந்திருந்தது.

அக்காவின் மகள் மாசமாக இருந்தாள். ஒருநாள் பட்டறைக்கு வந்தவள், சித்தி வேலை செய்வதைப் பார்க்கவேண்டும் என்று நேரே பின்பக்கம் நடந்தாள். அப்போதுதான் ஒரு துண்டு தெளிந்து வெளியே வந்திருந்தது.

"வா, வந்து பாரு" என்றாள் சித்தி.

மகள் வாசற்படியில் கால் வைப்பதற்குள் அக்கா ஓடிவந்து கையைப் பற்றி இழுத்தாள். அக்கா ஓடித் தங்கை பார்த்ததில்லை.

"உள்ள போகாத. வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு அந்தக் காத்து ஆகாது."

"சித்தி தினமும் இங்கதானே நிக்கிறாங்க? அதான் ஃபேன் ஓடுதே."

"ஃபேன் ஓடினா மட்டும்..." என்று தொடங்கிய அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் பார்வை ஒரு கணம் மரத்தடுப்பின் பக்கம் போய்த் திரும்பியது.

தங்கை கையுறையைக் கழற்றினாள். சூடேற்றியை நிறுத்தித் தொட்டியை மூடினாள். பிறகு அக்காவின் முன்னால் வந்து கையை நீட்டினாள். அக்கா சாவியைக் கொடுத்தாள்.

சாமான் அறையில் குழாய் தடுப்பைத் தாண்டி ஒரு முழ நீளத்தில் முடிந்திருந்தது. வெளிச்சுவரில் துளையே இல்லை. குழாய் வாய்க்கு எதிரே அடுக்கியிருந்த தெர்மாகோல் கட்டிகள் எலி தின்றதுபோல் கரைந்து குழிந்திருந்தன. தடுப்பின் அடியில் கை நுழையும் அளவு சந்து. தொட்டியிலிருந்து உறிஞ்சியதெல்லாம் அந்தச் சந்து வழியாக அவளிடமே திரும்பி வந்திருக்கிறது.

"எப்பலேருந்து?" என்று பின்னாலேயே மகளோடு வந்த அக்காவைக் கேட்டாள்.

"இங்க வந்ததுலேருந்துதான். மாடியில இருக்கிறவங்க ஆவிய வெளியில விடக்கூடாதுன்னுட்டாங்க. வேற இடம் கிடைக்கிற வரைக்கும்னு நினைச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னிருப்பியா?"

"நின்னிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

தங்கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். "இத வாங்கக் கூட்டிட்டுப் போனியே, அப்பவும் தெரியுமா?"

அக்கா தலையாட்டினாள். மகள்தான் அழுதாள்.

அன்றே தங்கை வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். தலைக்கனம் மெல்ல விட்டது. நழுவிய வார்த்தைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆனால் படுத்தால் நினைவில் அந்த அறை வராது, கண்ணாடிக் கடைதான் வரும். அக்கா ஒவ்வொரு சட்டமாக எடுத்து அவள் முகத்தில் வைத்து, தள்ளி நின்று பார்த்த பார்வை வரும். அது பொய்ப் பார்வை என்றால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அதில் அன்பும் இருந்தது. அதுதான் அவளைத் தின்றது.

பிறகு ஓட்டுநர் மூலம் செய்தி வந்தது. அதே அறையில், அதே குழாயோடு, அக்கா புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறாள். தனக்கு நடந்ததை யாரிடமும் சொல்லாத தங்கை அப்போது கிளம்பினாள். மதிய இடைவேளையில் பட்டறை வாசலில் அந்தப் பெண்ணை நிறுத்தி, குழாய் எங்கே போய் முடிகிறது என்று சொன்னாள். தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அலுவலகத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெண் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதிகாரிகள் வந்து அறையைப் பூட்டினார்கள்.

அன்று மாலை அக்கா அவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"கூடப் பொறந்தவளையே காட்டிக் குடுத்துட்டியே."

"ஆமா" என்றாள் தங்கை. "அந்தப் பொண்ணுக்கும் கண்ணாடி வாங்கிக் குடுக்க வேண்டியிருக்கும்னு பாத்தேன்."

அக்கா போய்விட்டாள். பட்டறை நிற்கவில்லை. மங்கல் துண்டுகள் இப்போது வெளியே வேறு பட்டறைகளுக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றில், எல்லாப் பக்கமும் மூடிய இயந்திரத்தின் முன் தங்கை வேலை செய்கிறாள். அக்காவின் சரக்கு வந்தாலும் மற்றவற்றைப் போலவே பழுதில்லாமல் தெளியவைத்து அனுப்புகிறாள்.

மகளுக்குப் பெண் பிறந்தது. குழந்தையைப் பார்க்கப் போனபோது அக்காவும் அங்கே இருந்தாள். தூங்கும் குழந்தை யார் ஜாடை என்று பேச்சு வந்தது. "மூக்கு உன்னுதுதான்" என்றாள் அக்கா. தங்கை குனிந்து பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "இப்பல்லாம் நீ சொன்னா, பாத்துட்டுதான் நம்புறேன்." குழந்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.