நைதரசன் உருண்டை

கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கக் கருவி செய்வது என் தொழில். ஆய்வுகூடத்தில் காலம் தள்ளும் நண்பர்களே, அதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நாம்தான் என்பது உங்களுக்கும் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பானை

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் பெரும்பகுதி கரும்பொருள் என்கிறார்கள், யாரும் கண்டதில்லை. அதைத் தேடும் வாயுக் கருவிகளில் சிறியதொன்றைச் செய்து, முதலில் நியூத்திரனைப் பிடித்துப் பார்ப்பது என் திட்டம். எஃகு உருண்டைக்குள் நைதரசன். நடுவே மின்சாரம் ஏற்றிய குட்டிக் குண்டு. நியூத்திரன் வாயுவில் மோதினால் சிறு மின்துடிப்பு வரும்.

உருண்டையை ஒட்ட, கொட்டாஞ்சேனை வெல்டிங் கடைக்காரர் சேவியர் அண்ணனிடம் போனேன். ஊசிமுனை ஓட்டையும் கூடாது என்றேன். அவர் சிரித்தார்.

“காத்து வைக்கிற பானைக்கு இவ்வளவு கண்டிப்பா, மிஸ்?”

கொம்பனித்தெருவில் மறிப்பு

உருண்டை ஒழுகியது. தவணை முடியுமுன் துடிப்பு வராவிட்டால் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் துறைத்தலைவர். திருத்துவதற்காக உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீல் ஆட்டோவில் புறப்பட்டேன். கொம்பனித்தெருவில் பொலிஸ் மறித்தது.

தமிழ்ப் பெண்ணின் மடியில் வயரும் வால்வும் வைத்த இரும்புக் குண்டு! அரை மணித்தியாலம் சிங்களத்தில் விளக்கினேன். உருண்டையை மட்டும் விடவில்லை. பல்கலைக்கழகக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்த அதிகாரி கடைசியில் சிங்களத்தில் சொன்னார்:

“அடுத்த முறை ரைஸ் குக்கர் பெட்டியில் போட்டுக் கொண்டு போங்கள், மிஸ்.”

யாருடைய பிழை

சேவியர் அண்ணன் இரண்டு தரம் வெட்டி ஒட்டித் தந்தார். ஒழுக்கு நிற்கவில்லை. மூன்றாம் தரம் நைதரசனை அழுத்தி நிரப்பி, சவர்க்கார நுரை பூசினேன். குமிழி வந்தது ஒட்டில் அல்ல, நான் பூட்டிய மூடியில். கழற்றினால், இறப்பர் வளையத்தின் கீழ் நீளமான தலைமுடி ஒன்று. என்னுடையது. அதை எடுத்துவிட்டுப் பூட்டியதும் ஒழுக்கு நின்றது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை கடைக்குப் போய்ச் சொன்னேன். சேவியர் அண்ணன் வெல்டிங் முகமூடியைக் கழற்றினார்.

“நல்ல வெல்டை ரெண்டு தரம் வெட்ட வச்சிட்டீங்கள். இனி நானே வந்து பாக்கப்போறன்.”

வெள்ளிக்கிழமை

சொன்னபடி சேவியர் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு ஆய்வுகூடத்துக்கு வந்தார். சிங்களத்தில் நாங்கள் அண்ணன் என்றழைக்கும் தொழில்நுட்ப அலுவலர் சுனில் அய்யே, நியூத்திரனை உமிழும் மூலத்தை அதன் காப்பு மெழுகுப் பெட்டியோடு அருகில் கொண்டுவந்து திறந்தார். திரையில் கூரான துடிப்புகள்! மூடியதும் அடங்கின. மூன்று தரம் திறந்து மூடியும் அப்படியே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டிப் பார்த்த துறைத்தலைவர், மேசை என்னிடமே இருக்கட்டும் என்றார். சேவியர் அண்ணன் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

“இவ்வளவுதானா? சரி மிஸ், அடுத்ததைப் பெரிசாச் செய்வம்.”

கரும்பொருள் இன்னும் தென்படவில்லை. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் தோல்வியல்ல, ‘முதற்கட்ட முடிவு’.