கழுவாத மணல்

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் துப்புரவை அவள் வீட்டு வாசல் மணலில் பார்ப்பார்கள். நோன்புக்கு ஒரு கிழமை இருக்கும்போதே பழைய மணலை வழித்தெடுத்துவிட்டு, கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து புதிதாகப் பரப்புவோம். கல்முனைக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, மணல் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் இரண்டு உயிர்களைப் பட்டினி போட்டுக் கொன்றேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகளுக்கு ஒரு வயது கடந்திருந்தது. கணவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்கள் செத்து, தொட்டி பின் அறையில் வெறுமையாகக் கிடந்தது. ஒரு காலையில் கரைவலை இழுத்த இடத்தில், கழிவென்று எறிந்துவிட்டுப் போனவற்றுக்குள் மூன்று நட்சத்திர மீன்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. உள்ளங்கையளவு, மணல் நிறம், கைகளின் ஓரமெல்லாம் சின்ன முட்கள். உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்த எனக்கு அவற்றை அப்படியே விட்டுவரக் கால் வரவில்லை. வாளியில் கடல்நீர் அள்ளி, அதில் போட்டுக் கொண்டுவந்தேன்.

அவை மணலுக்குள் புதைந்து வாழ்பவை என்பது தெரியும். கிணற்றடியில் வைத்து, அரிசி களைவதுபோல ஆறேழு தண்ணீர் மாற்றி, நீர் தெளியும்வரை கடற்கரை மணலைக் கழுவினேன். வெயிலில் காயவைத்துத் தொட்டியில் பரப்பினேன். கணவர் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வரும்போது சைக்கிளில் கேன் கேனாகக் கடல்நீர் கொண்டுவந்தார். காற்றடிக்கும் சிறு மோட்டாரைப் பூட்டினோம். மூன்றும் உள்ளே விட்ட சற்று நேரத்தில் புதைந்துகொண்டன. மணலின் மேல் நட்சத்திரத்தின் வரி மட்டும் தெரிந்தது. அவ்வளவு வெள்ளை மணல் ஊரில் எந்த வாசலிலும் இல்லை என்று பெருமைப்பட்டேன்.

இரண்டு மாதத்தில் அவற்றின் கைகள் மெலிந்தன, நுனிகள் பிய்ந்தன. மேலே போட்ட மீன் துண்டுகளை அவை தொடவில்லை. துண்டுகள் நாறியதுதான் மிச்சம். ஒன்று செத்தது. அந்தக் கிழமையே இன்னொன்றும் செத்தது. சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த மாமி, கணவரின் தாய், எட்டிப் பார்த்தார்.

"என்னத்தில செத்திச்சி?"

"பசியில போல, மாமி."

"ஓம், இரிக்கும். பெத்த புள்ளைக்கே சோறு தீத்தத் தெரியல்ல, கடல்ல கெடந்ததுக்குத் தீத்தப் போறாவாம்."

மகள் மெலிந்த பிள்ளை. அவளுடைய நிறையைக் குறிக்கும் கிளினிக் அட்டையை நான் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பேன். பால் போதவில்லையோ, சோற்றை அளவுக்கு மீறிக் குழைத்துவிட்டேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்த காலம். மூன்றாவதும் செத்தால் மாமி சொன்னதை நானே நம்பிவிடுவேன் என்று அன்றைக்குப் பயந்தேன்.

செத்ததை எறியாமல், சவரப் பிளேட்டால் அறுத்துப் பார்த்தேன். வயிறு வெறுமை. அடுத்த நாள் கரைவலைக் கழிவில் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்துவந்து அதையும் அறுத்தேன். உள்ளே அரிசியளவு சிப்பிகள், நத்தைகள், முழுசு முழுசாக அடைந்திருந்தன. கிணற்றடியில் நான் கழுவி ஊற்றியது அவற்றின் சோறு.

அதன்பிறகு உப்பங்கழியான களப்பு கடலோடு சேரும் இடத்திலிருந்து சாம்பல் நிற மணலைப் புழுவும் சிப்பியும் சேற்று மணமுமாக அள்ளிவந்து, கழுவாமல் தொட்டியில் போட்டேன். பிள்ளைக்கு ஏதும் தொற்றிவிடுமோ என்று சவர்க்காரத்தால் மூன்று தரம் கை கழுவினேன். கிழமைக்கு இரண்டு தரம் பச்சை இறாலைப் பொடியாக நறுக்கி, தென்னை ஈர்க்கால் மணலுக்குள் செருகிவிடுவேன். நட்சத்திர மீன் மெல்ல ஊர்ந்து வந்து, அந்த இடத்தை மூடிப் படுத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் கைகள் தடித்தன.

நோன்புக்கு வீடு துப்புரவாக்க மாமி உதவிக்கு வந்தார். தொட்டியைக் கண்டதும் வாளியையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டார்.

"ஊத்த மணல வீட்டுக்குள்ள வெச்சிக்கிட்டா நோன்பு புடிக்கப் போறா? ஆக்கள் வந்தா என்ன கதைப்பாங்க?"

"ஒருக்காக் கழுவிட்டு வெச்சாச் சரிதானே, புள்ள" என்றார் கணவர், யாரையும் பார்க்காமல்.

மாமி ஒரு கோப்பை மணலை அள்ளிவிட்டார்.

"மாமி, வாளிய வைங்க" என்று சத்தம் போட்டேன்.

"என்ன?"

"இது என்ட உம்மா வாப்பா எனக்குத் தந்த வீடு. இதுக்குள்ள எந்த மணலக் கழுவுற, எதக் கழுவாம வெக்கிற எண்டு நான்தான் சொல்ற."

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். மாமியும் தன் சீதன வீட்டில்தான் இருக்கிறார். எல்லாருக்கும் தெரிந்த இதை எந்த மருமகளும் மாமியின் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

"கேட்டியா மகன், உன்ட பொண்டாட்டிக்கு நாக்கு முளைச்சிட்டு" என்றார் மாமி. ஆனால் வாளியை வைத்தார். அள்ளிய மணலை நானே திரும்பத் தொட்டியில் கொட்டினேன்.

நோன்பு வரும் நேரத்தில் பெரிய மனுசியின் மனதை நோகடித்துவிட்டேனோ? பிறை பார்க்கும் நாளன்று பின்னேரம் மகளையும் தூக்கிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன்.

"சத்தம் போட்டதுக்குப் பொறுத்துக்கங்க, மாமி."

"சொன்னதுக்கு?"

"அதுக்கு இல்ல."

மாமி மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சாமான் இன்னும் உசிரோட இரிக்கா?"

"ஓம். நேத்தும் இறால் திண்டிச்சி."

"நாங்க இறால் திண்டு ஒரு மாசம். அதுக்குக் கிழமைக்கு ரெண்டு தரமாம்."

வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கூப்பிட்டேன். தொட்டித் தண்ணீரில் அரைவாசியை இறைத்துவிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி, வருகிறவர்கள் உட்காரும் முன் ஹோலில் வைத்தோம். அந்த நோன்பு முழுக்க, கஞ்சி கொண்டுவந்த பெண்கள் எல்லாரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

"மணல் இப்பிடிக் கெடக்கே, கழுவல்லியா?"

"கழுவ மாட்டன்" என்றேன், ஒவ்வொருவரிடமும்.