அடையாறு தோப்புக் குழி வழக்கு

மயிலாப்பூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஒரு வழக்கை நான் ஒருவனாகவே தோற்கடித்திருக்கிறேன். அதுவும் எங்கள் கட்சிக்காரருடைய வழக்கை. புதிதாகச் சேரும் குமாஸ்தாக்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கட்சிக்காரர் சபாபதி முதலியார். அடையாறில் அவருக்குத் தென்னந்தோப்பு. குப்பத்து மீன்காரிகள் வேலி இடுக்கில் நுழைந்து, தோப்பின் குறுக்கே நடந்து விற்கப் போவார்கள். முதலியார் கத்திப் பார்த்தார். பலனில்லை. அவர்கள் நடக்கும் தடத்திலேயே இடுப்பளவு குழி வெட்டி, மேலே ஓலை பரப்பினார். அஞ்சலை என்பவள் விழுந்து கால் முறிந்தது. கூடை தூக்க முடியாமல் பிழைப்பு நின்றது. நஷ்டஈடு கேட்டுப் பிராது போட்டாள்.

"என் தோப்பு, என் குழி! கேக்காம நுழைஞ்சவளுக்கு நான் ஜவாப்தாரியா?" என்று முதலியார் குதித்தார்.

"அத்துமீறி வந்தவள்னு ருஜுப்படுத்தணும். ஆதாரம் கொண்டாரும் ஓய்," என்றார் எங்கள் வக்கீல்.

மறுநாளே முதலியார் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். மூன்று மாதமாக யார் யார், எத்தனை மணிக்கு நுழைந்தார்கள் என்று தினமும் குறித்திருந்தார். எனக்குப் புல்லரித்தது. சிவப்பு மையில் கோடு போட்டு, ஃபேர் காப்பி எடுத்து, முதல் தஸ்தாவேஜாகச் சேர்த்தேன். வக்கீல் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.

குறுக்கு விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் அதைத்தான் கையில் எடுத்தார்.

"இவங்க தினமும் வருவாங்களா?"

"ஒரு நாள் தவறாது," என்றார் முதலியார் பெருமையாக.

"எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு."

"குழி மேல ஓலை போட்டது?"

"ஆறு மணிக்கு."

முன்சீப்பே சிரித்துவிட்டார்.

வராந்தாவில் எங்கள் வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார். "அத்துமீறினவாளுக்கு நம்ம பொறுப்பு கொஞ்சம்தான். ஆனா வருவான்னு தெரிஞ்சுண்டே பொறி வச்சா தப்ப முடியாது. தெரியும்கிறதுக்கு நீர் சிவப்புக் கோடு வேற போட்டுக் கொடுத்திருக்கீர்!"

நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. எந்தக் காகிதத்தையும் கோர்ட்டில் கொடுக்குமுன், எதிர்க்கட்சி குமாஸ்தா நீங்கள்தான் என்று நினைத்து ஒருமுறை படியுங்கள்.

அஞ்சலை கோலூன்றி என்னிடம் வந்தாள். "கால் கூடற வரைக்கும் கஞ்சிக்கு வழி கீது. எங்க வக்கீலைவிட நீதான் நல்லா வேலை செஞ்சே நைனா!"

நான் மறுக்கவில்லை.