மச்சான் கொண்டுவந்த கல்

இந்த ஆஸ்திரேலியாவில் உடைந்த கல்லுக்கும் மரியாதை உண்டு. சுரங்கக் கூரையைத் துளைத்து உருளையாக எடுக்கும் பாறையை, நொறுங்கிய துண்டு உட்பட, ஆழம் எழுதிப் பெட்டியில் அடுக்கி எங்கள் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். பெட்டி வந்ததும் எந்த ஆழமாவது விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மேலதிகாரி ஹெலனுக்கு இது வேடிக்கை. "உங்கள் ஊரிலும் இப்படித்தானா?" என்று கேட்டாள். "சொந்தக்காரர் கொண்டுவந்தால் சரிபார்க்க மாட்டோம்" என்றேன். "அவ்வளவு நேர்மையானவர்களா!" என்று வியந்தாள். நான் திருத்தவில்லை.

சேலத்துச் சோதனைக்கூடத்தில் நான் இருந்தபோது கல் கொண்டுவந்தவர் என் அக்காவைக் கட்டிய மச்சான், மோகனூர்க்காரர். வடக்கே ஒரு சுரங்கத்தில் துளைபோடும் அவருடைய ரிக் வண்டி ஓடியது. கல்லை வில்லையாக அறுத்து, அதில் சிறு வெட்டுப் போட்டு, அந்த வெட்டிலிருந்து விரிசல் ஓட எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. அவர் கொண்டுவந்ததெல்லாம் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பும் பழம்போலப் பொறுக்கி எடுத்த கல். நொறுங்கியதைக் காட்டினால் மறுபடி துளைபோடச் சொல்வார்கள் என்று எறிந்திருக்கிறார். நடுவே ஒரு முழ ஆழத்துக்குக் கல்லே இல்லாததைக் கவனித்தேன். அக்கா புருஷனிடம் எப்படிக் கேட்பது? கூரை உறுதி என்று கையெழுத்துப் போட்டேன். அதை நம்பிச் சுரங்கத்தார் கூரையைத் தாங்கும் முட்டுகளைக் குறைத்தார்கள். அந்த ஒரு முழத்தில்தான் கூரை பிளந்து இறங்கியது. எடப்பாடிக்காரத் தொழிலாளி செல்வத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

விசாரணையில் மச்சான் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நொறுங்குன கல்லயுஞ் சேத்துத்தானுங்க குடுத்தேன். லேப்புல என்ன பண்ணுனாங்களோ, எனக்குத் தெரியாதுங்க."

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். மச்சானுக்கு அது தொழிலும்கூட. நான் வாய் திறக்கும் முன், அவருடன் வந்திருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊட்டு விசயம் ஊட்டோட இருக்கட்டும் சாமி. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா." அப்படியானால் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. என் வேலை போயிற்று, பேர் கெட்டது, விமானம் ஏறினேன். மச்சான்மேல் இருந்த கோபம்கூட ஆறிவிட்டது. அக்காமேல் இருப்பது ஆறவில்லை.

போன வாரம் மச்சானின் போன். "மாப்ள, புள்ளைக்குக் கல்யாணம். தாய்மாமன் நீ வந்து நின்னாத்தான் சபை நெறையும்" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. "வாரேனுங்க" என்றேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. இந்தத் தடவை செல்வத்திடம் நடந்ததைச் சொல்லிவிடுவது என்றிருக்கிறேன். சொன்னால் அக்கா வீட்டுக் கதவு எனக்கு அடைபடும். சேலம் பஸ் ஸ்டாண்டில் மோகனூர் போக நாமக்கல் வண்டி ஒரு பக்கம் நிற்கும், எடப்பாடி வண்டி ஒரு பக்கம். மோகனூரில் எனக்கு மாலை காத்திருக்கிறது. எடப்பாடியில், நான் யார் என்பதை நானேதான் சொல்ல வேண்டும்.